இரண்டு பாய் அறைக்குள் என்ன இருக்கிறது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்கள் ஞாயிறு இணைப்பில், ஜப்பானியத் தேநீர் அறைகளை முன்மாதிரியாக வைத்து உருவாகும் நிறுவல் கலையை, அதாவது ஓர் இடத்தையே படைப்பாக அமைக்கும் கலையைப் பற்றிய கட்டுரையைப் படித்தேன். தமிழ் நாளிதழ் ஒன்று இதற்கு முழுப் பக்கம் ஒதுக்கியதற்கே நன்றி சொல்ல வேண்டும். ஆனால் கட்டுரையின் நடுவில் ஒரு வரி வருகிறது: 'ஒரு பாய், ஒரு மங்கல் விளக்கு, ஒரு வெற்றுச் சுவர், அவ்வளவுதான்.' இதைச் செய்து பார்க்க நினைக்கும் இளைஞர்களை இந்த வரி தவறான பாதையில் இறக்கிவிடும். அந்த 'அவ்வளவுதான்' என்ற சொல்லுக்குள் அடங்கியிருக்கும் அளவுகளையும் வேலைகளையும் சொல்லத்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கியோட்டோவுக்கும் ஒசாகாவுக்கும் இடையே ஓயாமசாகியில் மியோகி-ஆன் என்றொரு சிறு கோயில் இருக்கிறது. அதில் உள்ள 'தாய்-ஆன்' என்ற அறை, 1580-களில் தேநீர்க் கலை ஆசான் சென் நோ ரிக்யூ அமைத்ததாகக் கருதப்படுவது. ஜப்பானின் தேசியப் பொக்கிஷங்களாக அறிவிக்கப்பட்ட மூன்று தேநீர் அறைகளில் ஒன்று. விருந்தினரும் தேநீர் வழங்குபவரும் அமரும் பகுதி மொத்தமே இரண்டு தத்தாமி பாய். கியோட்டோ அளவுப் பாய் ஒன்று 191 செ.மீ. நீளம், 95.5 செ.மீ. அகலம். இரண்டையும் அருகருகே போட்டால் 191-க்கு 191 சதுரம், சுமார் 39 சதுர அடி. இதே பரப்பில் ஒரு சாமான் அறையைக் கட்டி உள்ளே உட்கார்ந்தால் மூச்சு முட்டும். தாய்-ஆனில் அப்படி முட்டாததற்குக் காரணம் தெரியாமல் வெறும் சிறுமையை மட்டும் நகலெடுப்பதுதான் இன்று நடக்கும் பெரும்பாலான முயற்சிகளின் கோளாறு.

காரணம் வாசலில் தொடங்குகிறது. நிஜிரிகுச்சி எனப்படும் அந்தச் சிறு வாசல் பின்னாளில் உயரம் சுமார் 66 செ.மீ., அகலம் சுமார் 63 செ.மீ. என்று நிலைத்தது. தாய்-ஆனில் இருப்பது கொஞ்சம் பெரிது: 79-க்கு 72. இந்த அளவுகளில் குனிந்து நுழைய முடியாது. முழங்காலை ஊன்றி, இரண்டு கையையும் உள்ளே பாயில் வைத்து, உடம்பை இழுத்துக்கொண்டுதான் போக வேண்டும். உள்ளே போய்த் தலையை நிமிர்த்தும்போது கண் பாயிலிருந்து இரண்டு அடி உயரத்தில்தான் இருக்கும். அந்த உயரத்திலிருந்து பார்க்கும் எவருக்கும் ஆறடிக் கூரை உயரமாகத் தெரியும், ஆறடி தள்ளி இருக்கும் சுவர் தூரமாகத் தெரியும். அறையைப் பெரிதாக்குவது இந்தக் கண்மட்டம்தான். நிறுவல் செய்கிறவர்கள் பார்வையாளருக்குச் சிரமம் வேண்டாமென்று வாசலை 100, 110 செ.மீ. ஆக்கிவிடுகிறார்கள். அந்த உயரத்தில் மனிதர்கள் இடுப்பை மட்டும் வளைத்து, தலையை முன்னே நீட்டி நடந்தே வந்துவிடுவார்கள். வந்ததும் நிமிர்ந்து நிற்பார்கள். நின்றவுடன் கூரை தலையில் இடிப்பது போலிருக்கும், அறை அங்கேயே சுருங்கிவிடும். 80 செ.மீ.க்கு மேல் போகக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

அப்படியானால் முழங்கால் மடங்காதவர்கள், சக்கர நாற்காலியில் வருகிறவர்கள்? இந்தக் கேள்விக்குத் தேநீர் அறை மரபிலேயே விடை இருக்கிறது. கினின்குச்சி என்று, உயர்குடி விருந்தினருக்காக நிமிர்ந்தே நுழையும்படி ஷோஜி எனப்படும் காகிதம் ஒட்டிய மரச்சட்டக் கதவு போட்ட வாசல் பல அறைகளில் உண்டு. நிறுவலிலும் பக்கச் சுவரில் 90 செ.மீ. அகலத்தில் அதை வைத்துவிடலாம். பாய் மட்டத்துக்கு ஏறிவர ஒரு சாய்தளமும், உள்ளே கண்மட்டம் தாழ்ந்திருக்கத் தாழ்வான இருக்கை ஒன்றும் போதும். 2024 ஏப்ரல் முதல் ஜப்பானில் தனியார் நிறுவனங்களும் மாற்றுத்திறனாளிகளுக்கு நியாயமான ஏற்பாட்டைச் செய்து தர வேண்டும் என்பது சட்டம். சட்டத்துக்காக என்று கடைசி நாளில் ஒரு பலகையைச் சாய்த்து வைப்பதை விட, வரைபடத்திலேயே இரண்டாம் வாசலைப் போட்டுவிடுவது அறைக்கும் அழகு.

அடுத்தது பாய். தத்தாமி என்பது விரிப்பு மாதிரி சுருட்டி எடுத்துவரும் பொருள் இல்லை. வைக்கோலை அடுக்கி இறுக்கித் தைத்த 5.5 முதல் 6 செ.மீ. கனமுள்ள பலகை, மேலே இகுசா கோரையில் நெய்த உறை. பழைய முறையில் செய்தது ஒன்று 30 கிலோ வரை வரும். இப்போதைய செயற்கை நுரை அடிப்பலகை வைத்தது அதில் பாதிக்கும் குறைவு, ஆனால் காலடியில் உள்ளீடற்ற சத்தம் கொடுக்கும். அமைதிக்காகவே கட்டும் அறையில் அந்தச் சத்தம் உறுத்தும். அளவிலும் ஒரு பொறி உண்டு. கியோட்டோ வழக்கில் பாயின் அளவு நிலையானது, அதைச் சுற்றித்தான் அறை கட்டப்படும். எடோ வழக்கில், அதாவது பழைய தோக்கியோ வழக்கில், தூண்களின் நடு இடைவெளிதான் கணக்கு, பாயை அதற்கேற்ப வெட்டுவார்கள். அங்கே பாய் ஏறக்குறைய 176-க்கு 88. கடையில் வாங்கிய எடோ அளவுப் பாயை கியோட்டோ அளவில் கட்டிய சட்டத்துக்குள் போட்டால், ஓரத்தில் 15 செ.மீ. பள்ளம் விழும். பாயை முதலில் கையில் வைத்துக்கொண்டு, நான்கு பக்கமும் அளந்து, பிறகு சட்டம் அடிப்பதே சரி. 5 மி.மீ. இடைவெளிகூடப் பக்கவாட்டு வெளிச்சத்தில் கரிக்கோடு இழுத்த மாதிரி தெரியும்.

புதுப் பாயைத் திறந்த அன்றே பார்வையாளரை உட்கார வைக்காதீர்கள். கோரையை அறுத்ததும் களிமண் கரைசலில் தோய்த்துத்தான் காய வைப்பார்கள். அதன் பொடி பாயில் ஒட்டியிருக்கும், வெள்ளைக் காலுறையில் பச்சை கலந்த சாம்பல் நிறமாக ஏறும். நெசவின் போக்கிலேயே உலர்ந்த துணியால் இரண்டு மூன்று முறை துடைத்து எடுக்க வேண்டும். ஈரத்துணி கூடவே கூடாது. கோரை ஈரத்தைக் குடித்துக்கொள்ளும், ஜப்பானின் ஜூன் மாத மழைக்காலத்தில் ஒப்பு ஈரப்பதம் 70 சதவீதத்தைத் தாண்டியதும் புதுப்பாயில் முதலில் பூஞ்சை பூக்கும். கான்கிரீட் தரையில் நேரடியாகப் பாயை இறக்குவதும் இதே வம்புதான், அடியில் ஈரம் கோக்கும். 4 முதல் 5 செ.மீ. மரச்சட்டங்கள் அடித்து, இடைவெளி விட்ட பலகைமேல் போட்டால் காற்று ஓடும். அந்த அடிவெளி பின்னால் காற்றோட்டக் குழாய்க்கும் உதவும்.

இப்போது சுவர். கட்டுரை 'வெற்றுச் சுவர்' என்று சொன்னது இதைத்தான். தாய்-ஆனின் சுவரில் நறுக்கிய வைக்கோல் வெளியே தெரியும், நிறம் இருண்ட மண். உள்ளே போனவரின் கண் முதலில் போய் நிற்பது எதிரே இருக்கும் தோக்கோநோமாவில். ஓவியச் சுருளோ பூவோ வைக்கும் உள்ளடங்கிய மாடம் அது. வழக்கமான மாடத்தில் மூலைத் தூண்கள் தெரியும், கூரைப் பலகை தெரியும். ரிக்யூ இங்கே உள்மூலைத் தூண்களையும் மாடத்தின் கூரையையும் மண்ணால் பூசி மூடிவிட்டார், மூலைகளை உருட்டிவிட்டார். கோடு இல்லாத இடத்தில் கண்ணுக்கு ஆழம் அளக்கப் பிடி கிடைக்காது. நான்கு அடி அகலமே உள்ள ஆழமற்ற மாடம் எங்கே முடிகிறது என்று சொல்ல முடியாமல் போகிறது. விளிம்பை மறைத்து ஒளிக்கு ஆழம் கொடுக்கும் இன்றைய ஒளிக் கலைஞர்கள் மின்சாரத்தை வைத்துச் செய்வதை அவர் மண்ணையும் வைக்கோலையும் வைத்துச் செய்திருக்கிறார். நானூறு ஆண்டுக்கு மேல் ஆகியும் அந்த மூலை இன்னும் வேலை செய்கிறது!

இதை ஒரு தற்காலிக நிறுவலில் செய்யும் விதம்: மரபுப்படி மூங்கில் தட்டி கட்டி, பல மாதம் ஊறிய மண்ணை அடுக்கடுக்காகப் பூசிக் காயவிட யாருக்கும் நேரம் இருக்காது. ஜிப்சம் பலகைமேல் மெல்லிய மண்பூச்சு போதும். பலகை இணைப்புகளில் வலைநாடா ஒட்டி, உறிஞ்சுதலைக் கட்டுப்படுத்தும் அடிப்பூச்சு ஒன்று அடித்து, காய்ந்த பிறகு 1.5 முதல் 2 மி.மீ. கனத்தில் இரண்டு பூச்சு. கன அளவில் மண் ஒரு பங்குக்கு நுண்மணல் ஒன்று முதல் ஒன்றரைப் பங்கு. 1 முதல் 3 செ.மீ. வைக்கோல் துண்டுகள். பிணைப்புக்குக் கடற்பாசியைக் காய்ச்சி எடுத்த பசை, ஜப்பானியக் கொத்தர்கள் தலைமுறைகளாகப் பயன்படுத்துவது. மண் அதிகமானால் காயும்போது வெடிக்கும், மணல் அதிகமானால் தோள் பட்ட இடமெல்லாம் உதிரும். வலைநாடாவை விட்டுவிட்டால் இரண்டு மூன்று வாரத்தில் இணைப்பின் மேலேயே நேர்க்கோடாக விரிசல் ஓடும். உருட்டிய மூலையில் அந்தக் கோடு விழுந்துவிட்டால் வேலை மொத்தமும் போச்சு. மின்விசிறியை முகத்துக்கு நேரே வைத்துக் காயவைக்க வேண்டாம், மேற்புறம் மட்டும் இறுகி உள்ளே ஈரம் நிற்கும். நான்கைந்து நாள் விடுங்கள். இன்னொன்று: பூசுகிறபோதே அறைக்குரிய அந்தப் பக்கவாட்டு வெளிச்சத்தை மட்டும் வைத்துப் பூச வேண்டும். பளிச்சென்ற வேலைவிளக்கில் வழவழப்பாகத் தெரிந்த சுவர், சாய்ந்த ஒளியில் கரண்டித் தடத்தை ஒன்றுவிடாமல் காட்டிக்கொடுக்கும்.

சுவரின் அடியில் காகிதம் ஒட்டும் வழக்கத்தைப் பல நிறுவல்கள் அலங்காரம் என்று நினைத்து விட்டுவிடுகின்றன. கோஷிபாரி என்பார்கள். தேநீர் வழங்குபவர் பக்கம் சுமார் 27 செ.மீ. உயரத்துக்கு வெள்ளைக் காகிதம், விருந்தினர் பக்கம் அதைப்போல் இரு மடங்கு உயரத்துக்கு அடர்நிறக் காகிதம். உட்கார்ந்தவரின் உடையும் முதுகும் மண்ணை உரசாமலிருக்க வைத்த ஏற்பாடு இது. தினமும் முப்பது பேர் வந்து சாயும் நிறுவலுக்கு இது இன்னும் அவசியம்.

வெளிச்சத்தைப் பற்றித்தான் அதிகம் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனெனில் அதிகம் கெடுவதும் அங்கேதான். 'மங்கல் விளக்கு' என்று கட்டுரை எழுதியதும் பலரும் அறைக்குள்ளே ஒரு காகித விளக்கை வைத்துவிடுவார்கள். தேநீர் அறையின் பகல் ஒளி வெளியிலிருந்து, பக்கத்திலிருந்து, தாழ்வாக, காகிதம் வழியாக வருகிறது. ஒளிமூலம் கண்ணில் படுவதில்லை. உள்ளே ஒரு விளக்கு எரிந்தால் கண் அதையே பிடித்துக்கொண்டு மற்றதையெல்லாம் இருட்டாக்கிவிடும்.

ஷோஜி காகிதம் தன்மேல் படும் ஒளியில் ஏறக்குறையப் பாதியை உள்ளே விடும், விடும்போதே எல்லாத் திசையிலும் சிதறடிக்கும். இதைச் செயற்கை ஒளியில் கொண்டுவர, ஷோஜிக்குப் பின்னால் 60 முதல் 90 செ.மீ. தள்ளி ஒரு வெள்ளைப் பலகையை நிறுத்தி, எல்.இ.டி. பட்டையை அந்தப் பலகை நோக்கித் திருப்பி, திரும்பி வரும் ஒளியை மட்டும் காகிதத்தில் விழ விடுங்கள். இடம் இல்லாமல் விளக்கை நேரே காகிதத்தை நோக்கி வைத்தால், விளக்குப் புள்ளிகளுக்கு இடையிலான தூரத்தைவிடக் காகிதத்துக்கும் விளக்குக்கும் உள்ள தூரம் குறையக் கூடாது. குறைந்தால் காகிதத்தில் வெளிச்ச வட்டங்கள் வரிசையாகத் தெரியும், பார்த்தவுடன் கடைப் பலகை ஞாபகம்தான் வரும். மலிவான மங்கலாக்கிகள் விளக்கை நொடிக்கு நூற்றுக்கணக்கான முறை அணைத்து ஏற்றித்தான் ஒளியைக் குறைக்கின்றன. ஐந்து பத்து சதவீதத்துக்குக் குறைத்ததும் தலையைத் திருப்பும்போது அந்த அதிர்வு கண்ணில் உரசும், பத்து நிமிடத்தில் நெற்றி வலிக்கும். மின்னோட்ட அளவையே குறைக்கும் வகை விளக்கு இயக்கிகளை (டிரைவர்) வாங்குங்கள். அது கட்டுப்படியாகாவிட்டால், குறைந்த வாட் விளக்கை முழு ஒளியில் எரியவிட்டு முன்னால் சாம்பல் நிற வடிதாள் போடுவது மேல். அளவாகச் சொன்னால், ஷோஜிக்குப் பக்கத்துப் பாயில் 20, 30 லக்ஸ் (பரப்பில் விழும் ஒளியின் அலகு), மாடத்துக்குள் 3 முதல் 5 லக்ஸ் போதும்.

அவ்வளவு குறைந்த ஒளியில் கண் பார்க்குமா என்றால், நேரம் கொடுத்தால் பார்க்கும். வெளிச்சத்திலிருந்து வரும் கண் முதல்கட்டமாகப் பழகவே ஐந்து முதல் பத்து நிமிடம் எடுக்கும், முழுதாகப் பழக அரை மணி நேரம்கூட ஆகும். ஜப்பானின் நவோஷிமா தீவில், ஒளிக் கலைஞர் ஜேம்ஸ் டரெல்லின் படைப்புக்காகக் கட்டடக் கலைஞர் ததாவோ ஆண்டோ 1999-இல் கட்டிய மினாமிதேராவில் இதுதான் கலையே. உள்ளே கும்மிருட்டு. பெஞ்சில் உட்கார்ந்தபடி நிமிடங்கள் கழிந்த பிறகு, எதிரே முதலிலிருந்தே ஒளி இருந்தது தெரியவரும். விளக்கு மாறவில்லை, பார்வை மாறியது. தேநீர்த் தோட்டத்தின் ரோஜி எனப்படும் பாதையும், அதில் விருந்தினர் உட்கார்ந்து காத்திருக்கும் இடமும் இதே வேலையைத்தான் செய்துவந்தன. மரநிழலில் நடந்து, காத்திருந்து, கை கழுவி, அதன் பிறகே அறை. நிறுவலில் 500 லக்ஸ் கூடத்திலிருந்து ஒரு திரையை விலக்கி 5 லக்ஸ் அறைக்குள் தள்ளிவிட்டால் பார்வையாளர் எதையும் காணாமல் திரும்புவார், 'ஒன்றுமே இல்லையே' என்பார். அவர்மேல் தவறில்லை. நடுவே 100 லக்ஸில் ஒரு நடைவழி, 30 லக்ஸில் ஒரு பெஞ்சு, குறைந்தது ஐந்து நிமிடக் காத்திருப்பு. பட்ஜெட்டில் இடம் இல்லையென்றால் அறையைச் சுருக்கி இந்த நடையைக் காப்பாற்றுங்கள்.

கூடவே ஒரு எச்சரிக்கை. அவசர வழி காட்டும் பச்சை விளக்கை மறைக்கக் கூடாது. அதன் பச்சை ஷோஜி முழுக்கப் படரும் என்பதால், அறையை எந்தப் பக்கம் திருப்புவது என்று முடிவெடுக்கும் முன்பே அந்த விளக்கு எங்கே இருக்கிறது என்று போய்ப் பாருங்கள். ஜப்பானியக் காட்சிக்கூடங்களில் கறுப்புத் திரையும் காட்சிக்கான ப்ளைவுட்டும் தீத்தடுப்பு முத்திரை பெற்றவையாக இருக்க வேண்டும் என்பதையும் கொள்முதலுக்கு முன்பே நினைவில் வையுங்கள். பிறகு மாற்றப் போனால் எல்லாவற்றையும் பிரிக்க வேண்டிவரும்.

ஷோஜிக்குக் காகிதம் ஒட்டுவதையும் கிட்டத்தில் போய்ப் பார்ப்போம், ஏனெனில் அது பார்க்க எளிது, கெடுவதும் எளிது. பழைய காகிதத்தை ஈரப்படுத்தி உரித்து, சட்டத்தை ஒரு நாள் காயவிட வேண்டும். மாப்பசையைக் கஞ்சிப் பதத்துக்குக் கரைத்துச் சட்டக் கம்பிகளில் மட்டும் தடவ வேண்டும். துண்டுகளைக் கீழிருந்து மேலாக ஒட்டிக்கொண்டு போக வேண்டும். அப்போதுதான் மேல்துண்டின் விளிம்பு கீழ்த்துண்டின்மேல் ஓடு போலக் கவிழ்ந்து நிற்கும், இணைப்பில் தூசி தங்காது. மேலிருந்து ஒட்டினால் ஒவ்வொரு இணைப்பும் சிறு தட்டாகித் தூசியை ஏந்தும், பின்னொளியில் சாம்பல் கோடாகத் தெரியும். காகிதம் வெளிப்புறத்தில், கம்பிகள் அறைக்குள்ளே தெரிய வேண்டும். பசை முழுக்கக் காய்ந்த பிறகு, அரை நாள் கழித்து, பனி மாதிரி மெல்லிய தண்ணீர்த்தூவல். காய்கையில் தொய்வு தானாக இழுபட்டு மேளத்தோல் போல நிற்கும். அவசரப்பட்டுப் பசை ஈரத்தில் தூவினால் ஓரம் பிரியும். அதிகமாகத் தூவினால் காகிதம் இழுக்கிற இழுப்பில் மெல்லிய சட்டமே முறுக்கிக்கொண்டு கதவு பள்ளத்தில் ஓடாது. நெகிழித்தாள் ஒட்டிய கிழியாத ஷோஜி காகிதத்தைச் சிலர் விரும்புகிறார்கள். அது கிழியாது என்பது உண்மை, தண்ணீர்த்தூவலுக்கு இறுகாது என்பதும் உண்மை. அதன் பளபளப்பு ஒளியை ஒரே சீராகப் பால்போல் ஆக்கிவிடும். நார்நாராகத் தெரியும் அந்த உயிர் அதில் இல்லை.

காகிதம் ஒலியைத் தடுக்காது. வெளியே ஒரு செருப்புச் சத்தம் கேட்டால் அது உள்ளேயே நடக்கிற மாதிரி இருக்கும். சுற்றி இன்னொரு கூடு கட்டி, நடையில் கம்பளம் போட்டு, பின்னணி இரைச்சலை 30 டெசிபலுக்குக் கீழே கொண்டுவந்தால்தான் சிறு ஒலிகளுக்கு இடம் கிடைக்கும். முழு நிசப்தம் இந்த மரபின் நோக்கம் கிடையாது. தேநீர்க் கெண்டியின் உள்ளே, அடியில் சிறு இரும்புத் துண்டுகளை அரக்குப்பாலால் ஒட்டிவைப்பார்கள், தண்ணீர் சூடாகும்போது பைன் மரத்தில் காற்று போகிற மாதிரி ஒரு இரைச்சல் வரட்டும் என்று. கலைஞர் ஹிரோஷி சுகிமோத்தோ ஓதவாராவில் 2017-இல் திறந்த எனோவுரா வளாகத்தில், தாய்-ஆனின் அளவை வைத்தே கட்டிய ஒரு தேநீர் அறை உண்டு. அதன் கூரை துருப்பிடித்த பழைய தகரம், மழை பெய்யும்போது காது கொடுத்துக் கேட்பதற்கென்றே. சம இரவுநாள் காலையில் சூரிய ஒளி நேராகச் சிறு வாசல் வழியே உள்ளே வரும்படி அதன் திசையும் கணிக்கப்பட்டிருக்கிறது. நிறுவலில் கெண்டி ஒலியைப் பதிவுசெய்து ஒலிக்கவிடுகிறவர்கள் ஒலிபெருக்கியைக் கூரையில் மாட்டிவிடுகிறார்கள். கொதிக்கும் தண்ணீர் தலைக்குமேல் இரைந்தால் யார் நம்புவார்? 42.4 செ.மீ. சதுர அடுப்புக் குழி இருக்கும் இடத்தில், பாய் மட்டத்துக்குக் கீழே வையுங்கள். அதைவிட நல்லது, தேநீர் அறைக்கென்றே விற்கும் மின்அடுப்பில் உண்மையான கெண்டியையே வைப்பது.

காற்றைப் பற்றி யாரும் பேசுவதில்லை. 191-க்கு 191 தரை, 180 செ.மீ. கூரை என்றால் கொள்ளளவு ஆறரை கன மீட்டர்தான். சும்மா உட்கார்ந்திருக்கும் ஒருவர் மணிக்குச் சுமார் 18 லிட்டர் கரியமில வாயுவை வெளிவிடுகிறார். அடைத்த அறையில் இருவர் கால் மணி நேரம் இருந்தால் அளவு 1,300 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் 1,300 பங்கு) மேல் ஏறும், ஏற்கெனவே கூடத்தில் இருப்பது தனி. அடுத்தடுத்து இருவர் இருவராக அனுப்பினால் ஒரு மணி நேரத்தில் வருகிறவருக்குத் தூக்கம் சொக்கும். அதைத் 'தியான அனுபவம்' என்று எழுதிவைத்துவிட்டுப் போவார். பழைய தேநீர் அறைகளில் இடுக்குகள் ஏராளம், காற்று தானாகப் போய்வரும். பெட்டிக்குள் பெட்டியாகக் கட்டும் நிறுவலில் நாமே கொடுக்க வேண்டும். ஆளுக்கு மணிக்கு 30 கன மீட்டர் என்று வைத்தால் இருவருக்கு 60. இதை ஒரே 10 செ.மீ. குழாயில் கொண்டுவந்தால் காற்று விநாடிக்கு 2 மீட்டர் வேகத்தில் சீறும், கெண்டி ஒலி காதில் விழாது. 15 செ.மீ. குழாய் இரண்டில் பிரித்தால் வேகம் அரை மீட்டருக்குக் கீழே வந்துவிடும், சத்தமே இருக்காது. பாய்க்கு அடியிலிருந்து உள்ளே விட்டு, கூரைச் சரிவின் உச்சியில் வெளியே எடுங்கள். ஊதுவத்தி வேண்டாம். மண்ணும் காகிதமும் அந்த மணத்தை மாதக்கணக்கில் விடாது, புகை உணரியும் கூவும்.

கட்டுரை தொடாமலே விட்டதும், என் கணிப்பில் எல்லாவற்றையும்விட முக்கியமானதும் ஆள் எண்ணிக்கை. அதே நவோஷிமாவில் ரெய் நைத்தோ ஒரு சிறு பழைய வீட்டை 2001-இல் படைப்பாக மாற்றினார், பெயர் கின்சா. உள்ளே ஒரு நேரத்தில் ஒரே ஒருவர், பதினைந்து நிமிடம், முன்பதிவு கட்டாயம். சுவர்களின் அடிவிளிம்பிலிருந்து தாழ்வாக வரும் இயற்கை ஒளி மட்டும்தான். மணிக்கு நான்கு பேர் என்றால் ஒரு நாளில் முப்பது பேர்கூடப் பார்க்க முடியாது. அமைப்பாளர்களுக்கு இந்தக் கணக்கு கசக்கும். ஆனால் இரண்டு பாய் அறைக்குள் ஐந்து பேரை அனுப்பினால் ஒருவர் பார்ப்பது மற்ற நால்வரின் முதுகைத்தான். மண்சுவர், ஷோஜி, மாடம் எல்லாம் சரியாக இருந்தும் படைப்பு அந்த நிமிடமே இல்லாமல் போகிறது. கூட்டம் வரும் இடமென்றால் அறையை இரண்டாகக் கட்டுங்கள், அல்லது சீட்டு கொடுத்து நேரம் ஒதுக்குங்கள். அறைக்குள் ஆளைக் கூட்டாதீர்கள்.

மண்ணும் கோரையும்தான் வேண்டுமா என்றால், வேண்டியதில்லை. 1586-இல் அன்றைய ஆட்சியாளர் தோயோத்தோமி ஹிதேயோஷி மூன்று பாய் அறை ஒன்றைத் தங்கத்தகடு போர்த்திச் செய்து, பிரித்து எடுத்துப்போய்ப் பேரரசரின் அரண்மனையில் பொருத்திக் காட்டினார். கழற்றி மாட்டும் நிறுவல் என்பதே நம் காலத்துக் கண்டுபிடிப்பு இல்லை என்பதற்கு அது சாட்சி. கட்டடக் கலைஞர் தெருநோபு ஃபுஜிமோரி 2004-இல் நாகானோவின் சினோவில் இரண்டு மரத்தண்டுகளின் உச்சியில், ஏணி போட்டு ஏறும்படி ஒரு தேநீர் அறையை வைத்தார். 'அளவுக்கு மீறி உயர்ந்த அறை' என்றே பெயர். இன்னொரு கட்டடக் கலைஞர் கெங்கோ குமா 2007-இல் சதுர மீட்டருக்கு 11 கிராம் மட்டுமே எடையுள்ள துணியை ஹீலியம் பலூனில் தொங்கவிட்டே ஓர் அறை செய்தார். சுகிமோத்தோ 2014-இல் வெனிஸில் கண்ணாடிப் பெட்டியாகச் செய்தார். பொருள் எதுவானாலும் உடம்பைத் தாழ்த்துவது, காத்திருக்க வைப்பது, உள்ளே ஓரிருவரை மட்டும் விடுவது என்ற ஒழுங்கைக் கைவிடக் கூடாது. ஃபுஜிமோரியின் ஏணி நிஜிரிகுச்சியின் வேலையைச் செய்கிறது. கட்டுரையாளர் இந்தத் தொடர்ச்சியைச் சொல்லியிருந்தால் வாசகருக்கு எவ்வளவோ பயன்பட்டிருக்கும்.

ஜப்பான் போகும் வாசகர்களுக்கும் சில வார்த்தை. தாய்-ஆனைப் பார்க்க முன்கூட்டியே அஞ்சலில் விண்ணப்பிக்க வேண்டும். உள்ளே ஏற அனுமதி இல்லை, சிறு வாசலில் நின்று எட்டிப் பார்க்கலாம், அவ்வளவே. அதே ஊரின் வரலாற்றுக் காட்சியகத்தில் அசல் அளவு நகல் ஒன்று இருக்கிறது, அதையும் பார்த்துவிட்டு வருவது நல்லது. எந்தச் சிறிய அறைக்குள் போனாலும் கைக்கடிகாரத்தையும் மோதிரத்தையும் கழற்றி வையுங்கள், மண்சுவரும் கோரையும் உலோகத்தால் கீறும். சுத்தமான காலுறை போட்டுக்கொள்ளுங்கள். வாசனைத் திரவியம் பூச வேண்டாம். பாயின் துணிக் கரையை மிதிக்காமல் நடங்கள். கைபேசியை நடையிலேயே அணைத்துவிடுங்கள். ஒரே ஒரு முறை திரையைப் பார்த்தாலும், பெஞ்சில் உட்கார்ந்து கண் பழகிய அத்தனை நிமிடமும் வீணாகி, மாடத்தின் மூலை மறுபடி வெறும் இருட்டாகிவிடும்.

இப்படிக்கு,
தங்கள் நீண்டநாள் வாசகர்